ஆவி வரும்போது அவசரப்பட்டு பொனட்டைத் திறக்காதீர்கள்

தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் சாலையிலும், காராக் நெடுஞ்சாலையின் ஏற்றங்களிலும் விடுமுறைக் காலத்தில் அடிக்கடி காணும் காட்சி இது. ஓரமாக நிற்கும் பழைய கார், அகலத் திறந்த பொனட், குபுகுபுவென்று வெள்ளை ஆவி. அந்த ஆவிக்குள் தலையை விட்டு எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார் வண்டியோட்டி. பக்கத்தில் தண்ணீர்ப் போத்தலுடன் வீட்டுக்காரர் ஒருவர் தயாராக நிற்பார். உதவி செய்யும் எண்ணம்தான். ஆனால், முகமும் கையும் வெந்து மருத்துவமனைக்குப் போவது பெரும்பாலும் இப்படித்தான்.

மலாய்ப் பேச்சு வழக்கில் பின்னால் சாமான் வைக்கும் இடத்தையும் 'பொனட்' என்று சொல்வதுண்டு. இங்கே நாம் சொல்வது எஞ்சினை மூடியிருக்கும் முன்மூடியை.

முதலில், எந்தக் கோளாறும் இல்லாத காரில் அதைத் திறப்பது எப்படி என்று பார்ப்போம். வாரத்துக்கு ஒருமுறை எண்ணெயும் தண்ணீரும் பார்க்க வேண்டியவர்கள் நாம் எல்லாருமே. ஆனால், கார் வாங்கிப் பல ஆண்டுகளாகியும் பொனட்டை ஒருமுறைகூடத் திறக்காதவர்கள் நிறையப் பேர். இரவு ஷிப்ட்டுக்குத் தனியாக ஓட்டிப் போகும் பெண்பிள்ளைகளுக்கு இதை யாரும் சொல்லிக் கொடுப்பதே இல்லை. நடுவழியில் கார் நின்ற பிறகு, இருட்டில் கைத்தொலைபேசி வெளிச்சத்தில் கற்றுக்கொள்ளும் விஷயமல்ல இது. காலையில் எஞ்சின் சூடேறுவதற்கு முன், வீட்டு வாசலில் இரண்டு மூன்று முறை திறந்து மூடிப் பழகிவிடுவது நல்லது.

காரைச் சமதரையில் நிறுத்தி, கியரை 'பி'யில் போட்டு, கைப்பிரேக்கை இழுத்து, எஞ்சினை அணைத்துவிடுங்கள். மேனுவல் கார் என்றால் நியூட்ரலில் வைத்துக் கைப்பிரேக்கை நன்றாக இழுக்க வேண்டும். சாகா, மைவி போன்ற நம்மூர்க் கார்களில் திறப்பான் நெம்பு வண்டியோட்டியின் வலது முழங்காலுக்கு அருகே, டேஷ்போர்டுக்குக் கீழே இருக்கும். சில ஐரோப்பியக் கார்களில் அது இடப்பக்கம், முன் பயணியின் காலடியில் இருப்பதுண்டு. நெம்பை இழுத்ததும் 'டக்' என்ற சத்தத்துடன் பொனட் இரண்டு விரல்கடை மட்டும் மேலே எழும்பும். அதற்கு மேல் எழும்பாது. கோளாறு என்று நினைத்துப் பலர் இங்கேதான் பொனட்டைப் பலங்கொண்டு இழுக்கிறார்கள். வேண்டவே வேண்டாம். ஓடும்போது பொனட் தானாகத் திறந்துவிடாமல் தடுக்க இரண்டாவது கொக்கி ஒன்று வைத்திருக்கிறார்கள். முன்விளிம்பின் நடுப்பகுதியில் விரல்களை விட்டுத் தடவினால் சிறிய நாக்கு ஒன்று தட்டுப்படும். சில கார்களில் அதை மேலே தூக்க வேண்டும், சிலவற்றில் பக்கவாட்டில் தள்ள வேண்டும்.

அடுத்து தாங்குகோல். பொனட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையால் கோலை எடுத்து, அதற்கென உள்ள துளையில் நன்றாக மாட்டுங்கள். சும்மா சாய்த்து வைத்தால் போதாது. நெடுஞ்சாலையில் லோரி ஒன்று வேகமாகக் கடந்து போனால், அந்தக் காற்றே பொனட்டை அசைத்துக் கோலைத் தட்டிவிடும். கனமான இரும்புத் தகடு நேராக உங்கள் பின்கழுத்தில் விழும்.

இனி ஆவி விஷயம். ரேடியேட்டருக்குள் இருக்கும் நீர் அழுத்தத்தில் இருக்கிறது. சாதாரணமாகத் தண்ணீர் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். ரேடியேட்டர் மூடி தாங்கும் அழுத்தத்தில் அது சுமார் 120 டிகிரி வரை கொதிக்காமல் இருக்கும். எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகியிருக்கும்போது அந்த மூடியைத் திருகினால் என்ன ஆகும்? அழுத்தம் ஒரே நொடியில் போய்விடும். அடக்கி வைத்திருந்த நீர் அந்த நொடியே கொதித்து, ஆவியும் வெந்நீருமாக முகத்துக்கு நேராகப் பீறிடும். துண்டைப் போட்டுத் திறக்கலாம் என்பார்கள். அந்த வேகத்தைத் துண்டு தடுக்காது, சூட்டை உறிஞ்சிக் கையோடு ஒட்டிக்கொள்ளும்.

ஆகவே, சூடு காட்டும் முள் மேலே ஏறினாலோ, சிவப்பு விளக்கு எரிந்தாலோ, குளிர்சாதனத்தை நிறுத்திவிட்டு, பாதுகாப்பான இடமாகப் பார்த்து எஞ்சினை அணைத்துவிடுங்கள். ஆவி வந்துகொண்டிருக்கும் வரை பொனட்டைத் தொடவே கூடாது. ஆவி அடங்கிய பிறகு திறந்து வைத்தால் சூடு சீக்கிரம் இறங்கும். ஆனால், ரேடியேட்டர் மூடியைத் தொடுவதற்குக் குறைந்தது அரை மணி நேரமாவது பொறுத்திருக்க வேண்டும். அதன் பிறகும் மேல் குழாயைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் இன்னும் கொஞ்சம் பொறுங்கள். பச்சைத் தண்ணீரைக் கொதிக்கும் எஞ்சினில் ஊற்றுவது இன்னொரு தவறு. சட்டென்று குளிர்ந்தால் உலோகம் வெடித்துவிடக்கூடும். அப்புறம் பட்டறைச் செலவு ஆயிரக்கணக்கில் போகும்.

நெடுஞ்சாலையில் என்றால் அந்த அரை மணி நேரத்தைக் காருக்குள்ளோ காருக்கு முன்னாலோ கழிக்காதீர்கள். அவசரத் தடத்தில் மோட்டார்கள் பறக்கும், தூக்கக் கலக்கத்தில் லோரிகளும் ஒதுங்கும். எச்சரிக்கை விளக்குகளைப் போட்டு, இடப்பக்கமாக இறங்கி, பிள்ளைகளோடு தடுப்புக் கம்பிக்கு அப்பால் நில்லுங்கள். பிளஸ் நெடுஞ்சாலையில் 1800-88-0000 என்ற எண்ணுக்கு அழைத்தால் ரோந்துக் குழுவினர் வருவார்கள். நீங்கள் கூப்பிடாமலே வந்து நிற்கும் இழுவை லோரியிடம் சாவியைக் கொடுப்பதற்கு முன் இரண்டு முறை யோசியுங்கள்.

ஆவியும் புகையும் ஒன்றல்ல. ஆவி வெள்ளையாக வந்து காற்றில் கரைந்துவிடும். கறுப்பாகவோ சாம்பல் நிறமாகவோ வந்து, பிளாஸ்டிக் கருகும் வாடையும் அடித்தால் அது தீ. அப்போது பொனட்டைத் திறந்தால் உள்ளே காற்று புகுந்து, தீ ஆளுயரத்துக்கு எழும்பும். எல்லாரையும் இறக்கி, தூரமாக அழைத்துப் போய், 999-க்கு அழையுங்கள். காரில் மாட்டிக்கொண்ட பையையோ தலையணையையோ எடுக்கத் திரும்பிப் போக வேண்டாம்.

திறந்த பொனட்டுக்குள் குனிவதற்கு முன் உங்களையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். தொங்கும் சங்கிலி, துப்பட்டா, அவிழ்ந்த கூந்தல் எதுவும் கூடாது. எஞ்சின் அணைந்திருந்தாலும், சூடு அதிகமிருந்தால் சில கார்களில் மின்விசிறி தானாகச் சுழலத் தொடங்கும். பேட்டரியின் 12 வோல்ட் நம்மைத் தூக்கியடிக்காது. ஆனால், கைக்காப்போ மோதிரமோ இரண்டு முனைகளுக்கும் நடுவே பட்டால் அந்த உலோகம் பழுக்கக் காய்ந்து விரலைச் சுட்டுவிடும். ஹைபிரிட் காரில் எஞ்சின் ஓடவில்லை என்பதால் அணைந்துவிட்டதாக நினைக்காதீர்கள். முழுமையாக அணைத்து, சாவியைத் தள்ளி வையுங்கள். ஆரஞ்சு நிறக் கம்பிகளைத் தொட வேண்டாம்.

தோட்டப்புறத்தில் இருப்பவர்களுக்கு இன்னொரு விஷயம். செம்பனைத் தோட்டத்தில் எலிக்குப் பஞ்சமில்லை, எலி இருக்கும் இடத்துக்குப் பாம்பும் வரும். மழைக்கால இரவில் வெதுவெதுப்பான எஞ்சின் இரண்டுக்குமே வசதியான இடம். பூனைக்குட்டிகளும் அங்கேதான் படுக்கும். காலையில் பொனட்டை இரண்டு தட்டுத் தட்டிவிட்டுப் பிறகு திறங்கள். கையை விடுவதற்கு முன் வெளிச்சம் அடித்துப் பாருங்கள். பாம்பு தெரிந்தால் குச்சியால் கிளறாமல் தீயணைப்பு மீட்புப் படையையோ பொதுத் தற்காப்புப் படையையோ அழையுங்கள். அவர்களுக்கு இது பழக்கப்பட்ட வேலை.

மூடுவதிலும் கவனம் வேண்டும். துணி, போத்தல் மூடி, ஸ்பேனர் எதுவும் உள்ளே கிடக்கிறதா என்று பார்த்துவிட்டு, தாங்குகோலை அதன் இடத்தில் மடக்கி வைத்து, பொனட்டை ஒரு முழத்துக்கும் குறைவான உயரம் வரை இறக்கி, அப்படியே விட்டுவிடுங்கள். பெரும்பாலான கார்களில் அதன் எடையே பூட்டிவிடும். நடுவில் கையை வைத்து அழுத்தினால் தகடு பள்ளமாகும். பிறகு முன்விளிம்பைத் தூக்கிப் பாருங்கள். சற்றேனும் ஆடினால் முதல் பூட்டு விழவில்லை, இரண்டாவது கொக்கி மட்டுமே பிடித்திருக்கிறது என்று பொருள். அந்த நிலையில் மணிக்கு 110 கிலோமீட்டரில் போனால் காற்று உள்ளே புகுந்து பொனட்டைத் தூக்கிக் கண்ணாடியில் அறையும், சாலையே தெரியாது. அப்படி ஆகிவிட்டால் பிரேக்கை ஓங்கி மிதிக்காதீர்கள். பின்னால் வருபவர் மோதிவிடுவார். ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, எச்சரிக்கை விளக்கைப் போட்டு, பொனட்டுக்கும் டேஷ்போர்டுக்கும் இடையே தெரியும் சந்தின் வழியாகவோ பக்கக் கண்ணாடி வழியாகவோ பார்த்தபடி, மெதுவாக வேகத்தைக் குறைத்து இடப்பக்கம் ஒதுங்குங்கள்.