பழைய என்ஜின்: வைத்தியமா? விடைகொடுப்பதா?

ஏப்ரல் மாதம் 15-ந் தேதி வந்துவிட்டால், தமிழ்நாட்டின் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு ஓய்வு. ஜூன் 14-ந் தேதி வரை கடலுக்குப் போகக்கூடாது. மீன்கள் இனம் பெருக வேண்டும் என்பதற்காக இந்தத் தடை. முதலில் 45 நாட்களாக இருந்தது. 2017-ம் ஆண்டு முதல் 61 நாட்கள் ஆகிவிட்டது.

ஓய்வு படகுக்குத்தான். படகின் சொந்தக்காரருக்கு இல்லை!

ராமேசுவரம், நாகப்பட்டினம், காசிமேடு... எங்கே பார்த்தாலும் படகுகள் கரையேறி நிற்கும். சுத்தியல் ஓசை கேட்கும். பெயிண்டு வாசனை வீசும். ஆனால், பல வீடுகளில் இரவுச் சாப்பாடு முடிந்ததும் எழும் பேச்சு வேறு.

"என்ஜின் தளர்ந்து போச்சே! என்ன செய்யலாம்?"

வழிகள் மூன்று. கெட்ட பாகத்தை மட்டும் பழுது பார்க்கலாம். முழுவதும் பிரித்து, தேய்ந்ததை எல்லாம் மாற்றிப் புதுப்பிக்கலாம். அல்லது, அதற்கு விடைகொடுத்துவிட்டு வேறு என்ஜின் வைக்கலாம்.

இது பணத்தைப் பற்றிய கேள்வி மட்டும் அல்ல. நடுக்கடலில் என்ஜின் நின்றால், காற்றும் நீரோட்டமும் இழுத்த பக்கம் படகு போகும். ராமேசுவரம் பக்கத்தில், 1974-ம் ஆண்டு ஒப்பந்தத்தில் வகுத்த இலங்கை எல்லை தொலைவில் இல்லை. நின்றுபோன படகுக்கு எல்லை தெரியுமா?

புகை சொல்லும் சேதி

டாக்டர் முதலில் நாக்கை நீட்டச் சொல்வார். மெக்கானிக் முதலில் புகையைப் பார்ப்பார்.

நீலப் புகை வந்தால், ஆயில் எரிகிறது. பிஸ்டன் ரிங்கோ, லைனரோ, வால்வு வழியோ தேய்ந்திருக்கலாம்.

வெள்ளைப் புகை காலையில் கொஞ்ச நேரம் வந்து நின்றால் பயம் இல்லை. சூடான பிறகும் நிற்காவிட்டால், டீசல் சரியாக எரியவில்லை. அல்லது உள்ளே தண்ணீர் கசிகிறது.

கரும்புகை வந்தால், டீசலுக்குத் தகுந்த காற்று இல்லை. அல்லது என்ஜின் தாங்க முடியாத பாரத்தை இழுக்கிறது. இங்கேதான் பலர் ஏமாந்து போகிறார்கள்! படகின் அடியில் சிப்பியும் பாசியும் ஒட்டி இருந்தாலும் கரும்புகை வரும். காற்றாடி வளைந்திருந்தாலும் வரும். குற்றம் வெளியே இருக்க, என்ஜினைப் பிரித்து என்ன பயன்?

ஆயிலையும் பார்க்க வேண்டும். பால் போல் வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. உலோகத் துகள் மின்னினால், உள்ளே ஏதோ தேய்கிறது. ஆயிலின் அளவு தானாக ஏறினால் மகிழ வேண்டாம். டீசலோ, தண்ணீரோ இறங்குகிறது என்று பொருள்.

காற்றுச் சோதனை

டீசல் என்ஜினில் தீப்பொறி வைக்கும் பிளக் கிடையாது. பிஸ்டன் காற்றை நெருக்கும்போது உண்டாகும் சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்ளும். நெருக்கம் குறைந்தால் சூடு குறையும். சூடு குறைந்தால் காலையில் ஸ்டார்ட் ஆகாது.

ஆகவே, சிலிண்டருக்குள் காற்றை அடைத்துப் பார்ப்பது நல்ல சோதனை. ஆயில் ஊற்றும் வாய் வழியே காற்று சீறினால், ரிங்கோ லைனரோ தேய்ந்துவிட்டது. புகைக்குழாய் வழியே சீறினால் வால்வில் கோளாறு. குளிர்விக்கும் தண்ணீரில் குமிழி வந்தால், ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம். ஹெட்டில் விரிசலும் இருக்கலாம்.

எப்போது பழுது பார்ப்பது?

நாசில், தண்ணீர் பம்ப், கேஸ்கெட், வால்வு இவற்றோடு நோய் முடிந்தால், பழுது பார்த்தாலே போதும். மற்ற சிலிண்டர்கள் நன்றாக இருக்க வேண்டும். ஆயில் பிரஷரும் சரியாக இருக்க வேண்டும்.

எப்போது புதுப்பிப்பது?

எல்லா சிலிண்டரிலும் நெருக்கம் குறைந்து, ஆயிலும் குடித்தால், முழுவதும் பிரிப்பதே நல்லது. "ரிங்கை மட்டும் மாற்றுவோம்" என்று சிக்கனம் பார்ப்பது உண்டு. தேய்ந்த லைனர் வட்டமாக இருக்காது. அதில் புது ரிங் சரியாகப் படியாது. சில மாதங்களில் பழைய நீலப் புகை திரும்பி வரும். கூலி இரண்டு தடவை!

கிராங்க் ஷாப்டை லேத் பட்டறையில் அளந்து பார்க்க வேண்டும். தேய்ந்திருந்தால் கடைந்து, அதற்கு ஏற்ற தடித்த பேரிங் போடலாம். ஆனால், கடைவதற்கும் ஓர் அளவு உண்டு. கடைசி அளவு வரை கடைந்தாகிவிட்டால், பிறகு ஷாப்டையே மாற்ற வேண்டியதுதான்.

எப்போது விடைகொடுப்பது?

பிளாக்கில் விரிசல். உதிரிப் பாகம் கிடைக்கவில்லை. புதுப்பிக்கும் செலவு, புது என்ஜின் விலையில் பாதியைத் தாண்டுகிறது. இவற்றில் ஒன்று இருந்தாலும் மாற்றுவதைப் பற்றி யோசிக்கத்தான் வேண்டும்.

ஆனால், விலைச்சீட்டில் உள்ள தொகையோடு செலவு முடியாது. கியர் பெட்டி, ஷாப்ட், காற்றாடி, அடிக்கட்டை, புகைக்குழாய் எல்லாம் புது என்ஜினுக்குப் பொருந்த வேண்டும். மலிவாகக் கிடைக்கிறதே என்று லாரி என்ஜினை வாங்கினாலும், படகுக்கு ஏற்ற கியரும் குளிர்விக்கும் ஏற்பாடும் தனியாக வேண்டும். என்ஜின் விவரங்கள் மாறினால், மீன்வளத்துறையில் தெரிவித்துப் பதிவையும் திருத்த வேண்டும்.

பெரிய என்ஜின் வைத்தால் படகு பறக்குமா? பறக்காது! தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போகும் படகுக்கு, அதன் நீளத்தைப் பொறுத்து ஒரு வேகம் உண்டு. அதற்கு மேல் கொடுக்கும் சக்தியில் பெரும் பகுதி அலை எழுப்புவதிலேயே போகும். டீசல்தான் பறக்கும்!

இன்னொன்று. படகின் பலகை உளுத்திருந்தால், முதலில் பலகையைக் கவனிக்க வேண்டும். இடியும் வீட்டுக்குத் தேக்குக் கதவு எதற்கு?

வீட்டில் பேசுங்கள்

தடைக்காலத்தின் முதல் வாரத்திலேயே சோதனையை முடித்துவிடுவது நல்லது. மே மாதக் கடைசியில் லேத் பட்டறையில் கூட்டம் நெரியும். அவசரத்தில் அளவு தப்பும்.

மூன்று வழிகளுக்கும் ஆகும் செலவை ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றும் எத்தனை ஆண்டு உழைக்கும் என்று மெக்கானிக்கைக் கேளுங்கள். செலவை ஆண்டுகளால் வகுத்துப் பாருங்கள். இதைப் பெண்களும் உட்கார்ந்து பார்க்க வேண்டும். அடகுக் கடைக்குப் போவது பெரும்பாலும் அவர்கள் கழுத்து நகைதானே!

மிகவும் மலிவான வழி எது என்று மட்டும் பார்க்காதீர்கள். அந்த என்ஜினை நம்பி எத்தனை பேர் கடலுக்குப் போகிறார்கள் என்பதையும், அதே தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.