உங்களுக்குத் தெரியுமா? சாட்டையோடு நிற்கும் புஷ்பமாலா

1989இல் போடிநாயக்கனூரில் ஜெயித்து முதல்முறையாகச் சட்டமன்றத்துக்குப் போன ஜெயலலிதாவை மார்க்கையன்கோட்டையில் யாருக்குத் தெரியாது? அவர் நடிகையாகச் சாட்டையோடு நின்ற 1970களின் தமிழ்ப்பட ஸ்டில் ஒன்று கலைக்கூடச் சுவருக்குப் போன கதை தெரியுமா? அதே கோலம், அதே மிடுக்கு. முகம் மட்டும் பெங்களூருக் கலைஞர் என். புஷ்பமாலாவுடையது.

அந்தப் படம் இடம்பெற்ற 'தென்னிந்தியாவின் சுதேசிப் பெண்கள்' என்ற புகைப்பட வரிசையை 2000 முதல் 2004 வரை புகைப்படக்காரர் கிளேர் ஆர்னியோடு சேர்ந்து உருவாக்கினார். ரவிவர்மாவின் நிலவொளிப் பெண், காலண்டர் லட்சுமி, வேளாங்கண்ணி மாதா, போலீஸ் பிடித்து நிறுத்திய பெண் என்று எல்லா வேஷமும் அவரே கட்டினார். என்னை உலுக்குவது தோடர் பழங்குடிப் பெண்ணாக அவர் நிற்கும் படம். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் பிரிட்டிஷார் பழங்குடிகளைக் கட்டம் போட்ட திரைக்கு முன் நிறுத்தி, உடம்பை அளப்பதற்காகவே படமெடுத்தார்கள். அந்தப் படங்களில் அளவு இருக்கும். நின்றவள் என்ன நினைத்தாள் என்பது இருக்காது. புஷ்பமாலா நிற்கும்போதோ, எப்படி நிற்பது என்பதை முடிவு செய்கிறவளும் அவளேதான். லட்சுமிக்கும் குற்றவாளிக்கும் ஒரே முகம் என்றானதும், கும்பிடுவதா சந்தேகப்படுவதா என்று நம் கண் தடுமாறுகிறது. அங்கேதான் அவருடைய பெண்ணியம் வேலை செய்கிறது.

ஷட்டரை அமுக்கியது பெரும்பாலும் வேறு கை. ஆனாலும் படம் அவருடையதுதான்.

பரோடாவில் அவர் படித்தது சிற்பம்! 1990களின் நடுவில்தான் புகைப்படத்துக்கு வந்தார். 'பேண்டம் லேடி' (1996–98) வரிசையின் முகமூடி வீராங்கனை, 1935இல் 'ஹண்டர்வாலி' படத்தில் சாட்டை எடுத்த நடிகை நாடியாவின் வழிவந்தவள்.

நவரசங்களையும் நடித்துக் காட்டியிருக்கிறார். படமெடுத்தவர், பழைய இந்தி நட்சத்திரங்களைப் பேரழகாகக் காட்டிய மும்பை இந்தியா போட்டோ ஸ்டூடியோவின் ஜே. எச். தாக்கர்.

சினிமாவும் உண்டு. 2004இல் சமையல் குறிப்புகளை வைத்து ஒரு கறுப்பு வெள்ளை ஊமைப்படம் எடுத்தார். 2006இல் பாரிஸ் நகரில் நடக்கும் ஒரு மர்மக் கதையை, அசையாத புகைப்படங்களை அடுக்கியே சொன்னார்.

2019இல் நடந்த சென்னை போட்டோ பியன்னாலே விழாவின் கலை இயக்குநரும் இவரே. சென்னையோடு நின்றுவிடாமல் புஷ்பமாலாவின் படங்கள் நம் கம்பம் பள்ளத்தாக்குக்கும் வர வேண்டும். சின்னமனூரிலோ தேனியிலோ ஒரு கல்லூரி மண்டபம் கிடைத்தால் போதும், நம் பெண்பிள்ளைகள் கூட்டமாகப் போய்ப் பார்ப்பார்கள்.