தீப்பிடிச்சா மாடு ஓடிடும்னு நினைக்கிறீங்களா? கட்டிப்போட்ட உயிர்களுக்கான ஃபயர் சேஃப்டி கைடு!

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்து ஆட்களுக்குத் தீயைப் பத்தி யாரும் கிளாஸ் எடுக்க வேண்டியதில்லை. பக்கத்துலேயே சிவகாசி. ராஜபாளையத்தைச் சுற்றி ஸ்பின்னிங் மில்கள். பட்டாசு ஆலைக்குள்ள தீப்பெட்டியோட போக முடியாது, பஞ்சு குடோன் பக்கத்துல பீடி பத்த வைக்க முடியாதுன்னு இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

ஆனா, அதே ஊர்ல வீட்டுக்குப் பின்னாடி இருக்கிற மாட்டுத் தொழுவத்தைப் பாருங்க. மேலே கூரை, பக்கத்துல வைக்கோல் படப்பு, கம்பத்துல முறுக்கிவிட்ட ஒயர், தரையில கொசுவுக்குப் போட்ட புகைமூட்டம். நடுவுல கழுத்துல கயித்தோட நாலு மாடு. பஞ்சு குடோனுக்குக் கொடுக்கிற மரியாதையில பாதியைக்கூட நாம தொழுவத்துக்குக் கொடுக்கிறதில்லை. இத்தனைக்கும் ரெண்டுக்கும் தீயோட கண்ணுல பெரிய வித்தியாசம் கிடையாது.

ஆடி பிறந்தா இந்தப் பேச்சு இன்னும் முக்கியம். ஸ்ரீவில்லிபுத்தூர்ல ஆடிப்பூரத் தேர். ஈரோடு மாவட்டம் அந்தியூர்ல குருநாதசாமி கோயில் திருவிழாவோட சேர்ந்து மாட்டுச் சந்தையும் குதிரைச் சந்தையும். குதிரைகளைப் பார்க்கவும் போட்டோ எடுக்கவுமே அங்கே பெருங்கூட்டம் போகுது. அந்தக் கூட்டத்துல நீங்களும் ஒருத்தரா இருக்கலாம். அதனால இது மாடு வளர்க்கிறவங்களுக்கு மட்டுமான கட்டுரை இல்லை. வேடிக்கை பார்க்கப் போற உங்களுக்கும்தான்.

ஓடத் தெரிஞ்ச குதிரை ஏன் ஓடாது?

'கதவைத் திறந்துவிட்டா அது பாட்டுக்கு ஓடிடும்' என்பதுதான் பலரோட நம்பிக்கை. குதிரை விஷயத்துல இது பெரும்பாலும் நடக்காது. தினமும் தீனி தின்ற இடம், தூங்கின இடம்தான் அதுக்குப் பாதுகாப்பான இடம். வெளியே புகை, சத்தம், ஆட்களோட கூச்சல். மிரண்டுபோன குதிரை உள்ளேயே ஒடுங்கி நிற்கும். வெளியே இழுத்து வந்தாலும், கயித்தை விட்டுட்டா எரியுற லாயத்துக்குள்ளேயே திரும்பி ஓடும்.

2017 டிசம்பர் 7-ம் தேதி அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் 'லைலாக்' காட்டுத்தீ, சான் லூயிஸ் ரே டவுன்ஸ் என்ற பந்தயக் குதிரைப் பயிற்சி மையத்துக்குள் புகுந்தது. குதிரைகளைக் காப்பாற்ற வேற வழியில்லாம, லாயக் கதவுகளைத் திறந்து விரட்டிவிட்டாங்க பயிற்சியாளர்களும் பணியாளர்களும். அப்படியும் 46 குதிரைகள் இறந்துபோச்சு. வெளியே வந்த பிறகு திரும்ப உள்ளே ஓடின குதிரைகளும் உண்டு. அங்கே இருந்தவங்க எல்லாருமே குதிரையோட வாழுற ஆட்கள். அவங்களுக்கே அந்த நிலைமை.

மாடு வேற கதை. அது ஓட நினைச்சாலும் கழுத்துல கயிறு இருக்கு. கட்டுத்தறியிலேயே கருகிப்போற மாடுகள்ல பல, கயித்தை அவிழ்க்க ஆள் வந்திருந்தா பிழைச்சிருக்கும். ராஜபாளையம் நாயை எடுத்துக்கோங்க. ஊர் பேரையே சுமக்கிற நாய், ஓட்டத்துக்குப் பேர் போன வேட்டை நாய். கூண்டுக்குள்ள பூட்டி, சாவியை வீட்டுக்காரர் பாக்கெட்டுல வெச்சிருந்தா அந்த ஓட்டம் எதுக்கு உதவும்?

நெருப்பை முந்தி வர்றது புகை

தொழுவத் தீயில பெரும்பாலான உயிர்களை முதல்ல கொல்றது நெருப்பு இல்லை, புகை. வைக்கோல், பிளாஸ்டிக் தார்ப்பாய், கூரை எல்லாம் எரியும்போது வர்ற கார்பன் மோனாக்சைடு, ரத்தத்துல ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தைப் பிடிச்சுக்கும். காய்ஞ்ச வைக்கோல்ல பிடிச்ச தீ, ஒரு டீ குடிச்சு முடிக்கிற நேரத்துக்குள்ள கூரையைத் தொட்டுடும். அதனால தீயணைப்பு வண்டி எவ்வளவு வேகமா வந்தாலும், முதல் சில நிமிஷம் உங்க கையிலதான் இருக்கு.

2023 ஏப்ரல்ல அமெரிக்காவின் டெக்சாஸ்ல ஒரே பால் பண்ணையில நடந்த தீவிபத்துல சுமார் 18,000 மாடுகள் செத்துப்போச்சு. நவீன பண்ணை, பெரிய முதலீடு. மூடின கொட்டகைக்குள்ள தீ வந்துட்டா அதெல்லாம் கணக்கிலேயே இல்லை.

தீ எங்கேருந்து வருது?

புகைமூட்டம்: சாயங்காலமானா வேப்பிலை, உமி போட்டு மூட்டம் போடுறது நம்ம ஊர்ப் பழக்கம். மாட்டை ஈ, கொசு கடிக்கக் கூடாதுங்கிற அக்கறைதான். ஆனா ராத்திரி காத்து மாறினா ஒரு பொறி போதும். மூட்டம் போட்டே ஆகணும்னா மண் சட்டியில, வைக்கோல்லேருந்து தள்ளி, ஆள் முழிச்சிருக்கிற வரைக்கும் மட்டும். தூங்கப் போகும்போது தண்ணி ஊத்தி அணைச்சிடுங்க. கொசுவலை கட்ட வசதி இருந்தா மூட்டமே வேண்டாம்.

அடுப்புச் சாம்பல்: பால்கோவா ஊர்ல விறகு அடுப்பு இல்லாம எப்படி? மேலே சாம்பல் பூத்திருந்தாலும், உள்ளே கங்கு மணிக்கணக்கா உயிரோட இருக்கும். அதை அப்படியே அள்ளித் தொழுவத்துக் குப்பைக்குழியில கொட்டாதீங்க. தண்ணி தெளிச்சு, மூடியுள்ள இரும்பு வாளியில ஒரு நாள் வெச்சுட்டுக் கொட்டுங்க.

ஈர வைக்கோல்: நெருப்பே வைக்காம படப்பு தானா எரியுமா? எரியும். ஈரம் காயாத வைக்கோலையோ தீவனப் புல்லையோ இறுக்கி அடுக்கினா, உள்ளே நுண்ணுயிர்கள் வேலை செஞ்சு சூடு ஏத்தும். அந்தச் சூடு வெளியே போக வழி இல்லைன்னா ஏறிக்கிட்டே போகும். உள்ளே 65 டிகிரி செல்சியஸைத் தொட்டா உஷாராகணும், 80 டிகிரியைத் தாண்டினா தீயணைப்புத் துறையைக் கூப்பிடணும். அடுக்கின முதல் சில வாரங்கள்தான் ரிஸ்க். படப்புக்குள்ள ஒரு இரும்புக் கம்பியைச் செருகி, கொஞ்ச நேரம் கழிச்சு உருவித் தொட்டுப் பாருங்க. கை வைக்க முடியாத சூடு, புளிச்ச வாடை, மேலே ஆவி... இதெல்லாம் சிக்னல். சூடான படப்பைச் சட்டுனு பிரிக்காதீங்க. உள்ளே காத்து போனதும் குப்புனு பிடிச்சுக்கும்.

ஒயர்: எலி கடிச்ச ஒயர், டேப் சுத்தின ஜாயின்ட், குட்டிகளுக்கும் கோழிக்குஞ்சுகளுக்கும் சூட்டுக்காகக் கயித்துல தொங்கவிட்ட பல்பு... எல்லாமே ஆபத்து. ஒட்டடையை அடிச்சுச் சுத்தமா வைங்க. தீ ஒரு மூலையிலேருந்து இன்னொரு மூலைக்குப் போக, தூசி படிஞ்ச ஒட்டடை போதும். வைக்கோல் ஏத்தின லாரி மின்கம்பியில உரசி எரியுற செய்தியும் அடிக்கடி பார்க்கிறோமே, அதையும் இந்த லிஸ்ட்ல சேர்த்துக்கோங்க.

சந்தைக்குப் போறீங்களா? இதைச் செய்யாதீங்க!

- குதிரை, மாடு கட்டியிருக்கிற வரிசையில சிகரெட், பீடி வேண்டாம். 'கீழே போட்டு மிதிச்சுட்டேன்' என்பது வைக்கோல் மேல செல்லாது. தரை வேற, வைக்கோல் வேற.
- போன் சார்ஜ் போட, அங்கே தொங்குற தற்காலிக ஒயர்ல பின்னைச் செருகாதீங்க.
- குதிரை முகத்துக்கு நேரா ஃபிளாஷ் அடிக்கிறது, ரீல்ஸுக்காகப் பின்னாடி போய் நிற்கிறது ரெண்டுமே தப்பு. மிரண்ட குதிரை ஒரு அடுப்பையோ விளக்கையோ உதைச்சுத் தள்ளினா, அதுக்கப்புறம் நடக்கிறதுக்கு ஹேஷ்டேக் கிடையாது.
- ஓடிக்கிட்டு இருக்கிற ஜெனரேட்டர்ல பெட்ரோல் ஊத்துறாங்களா? நிறுத்தச் சொல்லுங்க. ஆறவிட்டு ஊத்தட்டும்.
- நடுப்பாதையில பைக்கை நிறுத்தாதீங்க. தீ வந்தா விலங்குகள் வெளியே வர இருக்கிற ஒரே வழி அதுவாத்தான் இருக்கும்.
- சாமி ஊர்வலத்துல யானையோ குதிரையோ வருதுன்னா, பக்கத்துல சரவெடி வேண்டாம். 2024 அக்டோபர்ல கேரளாவின் நீலேஸ்வரத்துல, கோயில் திருவிழாவுல வெடிச்ச பட்டாசோட பொறி, பட்டாசு வெச்சிருந்த அறையிலேயே விழுந்து நூற்றுக்கும் மேற்பட்டவங்க காயமடைஞ்சாங்க. பொறி எங்கே விழணும்னு நம்மகிட்ட கேட்டுட்டு விழாது.

வீட்டுல மாடு, குதிரை, நாய் இருக்கா? இன்னிக்கே செய்யுங்க!

முதல்ல முடிச்சு. தலைக்கயித்தோட நுனியை ஒரு இழு இழுத்தா அவிழுற மாதிரி முடிச்சுப் போடப் பழகுங்க. வீட்டுல உள்ள எல்லாரும் இருட்டுல கண்ணை மூடிக்கிட்டு அவிழ்த்துப் பார்க்கணும். நைலான் கயிறு சூட்டுல உருகி முடிச்சு இறுகிடும், கையிலயும் ஒட்டிக்கும். அதனால ஒரு அரிவாளையோ கத்தியையோ தொழுவத்துக்கு வெளியே, எல்லாருக்கும் தெரிஞ்ச இடத்துல மாட்டி வைங்க.

ரெண்டாவது, படப்பைத் தொழுவத்தோட ஒட்டி வைக்காதீங்க. இடம் இருக்கிற வரைக்கும் தள்ளி வைங்க. அன்னிக்குத் தேவையான வைக்கோல் மட்டும் உள்ளே இருக்கட்டும்.

மூணாவது, வாசல்ல எப்பவும் ரெண்டு வாளி மணல், ஒரு தொட்டி தண்ணி. முடிஞ்சா ஏ.பி.சி பவுடர் தீயணைப்பான் ஒண்ணு. பயன்படுத்துறது சுலபம்: பின்னை உருவுங்க, தீயோட அடிப்பகுதியைக் குறிவைங்க, கைப்பிடியை அழுத்துங்க, இடமும் வலமுமா வீசுங்க. உங்க முதுகுப் பக்கம் வெளியேறும் வழி இருக்கணும். ஒயர்ல பிடிச்ச தீயில தண்ணி ஊத்தாதீங்க, முதல்ல மெயினை ஆஃப் பண்ணுங்க.

தீ பிடிச்சிடுச்சு... இப்போ?

சத்தம் போட்டு ஆளைக் கூப்பிடுங்க. 101 அல்லது 112-க்கு போன் பண்ணி, தெருப் பேரோட பக்கத்துல இருக்கிற கோயில், பள்ளிக்கூடம் மாதிரி அடையாளமும் சொல்லுங்க. வாசலுக்குப் பக்கத்துல, எட்டுற தூரத்துல உள்ளதை முதல்ல அவிழுங்க. குதிரை வர மறுத்தா ஈரத் துண்டால கண்ணைக் கட்டி நடத்திக் கூட்டிட்டு வாங்க. வெளியே வந்ததும் வேற இடத்துல கட்டுங்க, இல்லைன்னா லாயக் கதவை மூடுங்க. திரும்ப ஓட விடக் கூடாது.

கூரை பிடிச்சிடுச்சு, புகை இடுப்புக்கு இறங்கிடுச்சுன்னா உள்ளே போகாதீங்க. வளர்த்தவங்களுக்கு இது எவ்வளவு கொடுமையான வார்த்தைன்னு புரியுது. ஆனா உள்ளே போனவரைக் காப்பாத்த இன்னொருத்தர் போவார். அது அப்படியே நீளும்.

தப்பிச்ச விலங்குக்குத் தீக்காயம் இருந்தா, சாதாரணத் தண்ணியை நிதானமா ஊத்திக்கிட்டே இருங்க. எண்ணெய், இங்க், பேஸ்ட் எதுவும் வேண்டாம். கால்நடை மருத்துவ ஊர்திக்கு 1962-க்கு போன் பண்ணுங்க. உடம்புல காயமே இல்லைன்னாலும் டாக்டர்கிட்ட காட்டணும். புகை குடிச்ச நுரையீரலோட பாதிப்பு சில மணி நேரம் கழிச்சு, சமயத்துல மறுநாள்கூடத் தெரியும்.

ஒரு கறவை மாடு போச்சுன்னா, அது பல வீடுகள்ல ஸ்கூல் ஃபீஸும் மாச வட்டியும் சேர்ந்து போன மாதிரி. மாட்டுக்குக் காப்பீடு இருக்கான்னு பாருங்க. இருந்தா காதுல டேக் பத்திரமா இருக்கான்னும் பாருங்க.

இன்னிக்கு ராத்திரி தூங்கப் போறதுக்கு முன்னாடி போன் டார்ச்சை எடுத்துக்கிட்டு ஒரு ரவுண்டு போயிட்டு வாங்க. மூட்டம் அணைஞ்சிருக்கா, ஒயர் சூடா இருக்கா, முடிச்சு ஒரே இழுப்புல அவிழுதா? அஞ்சு நிமிஷ வேலை. அதுங்களால அந்த முடிச்சை அவிழ்க்க முடியாது.