சென்னை வெளியேற்றம் (1942)

சென்னை வெளியேற்றம் என்பது இரண்டாம் உலகப் போரின்போது, ஜப்பானியப் படையெடுப்பு நிகழும் என்ற அச்சத்தால் 1942 ஏப்ரல் மாதத்தில் சென்னை நகர மக்கள் பெருந்தொகையாக வெளியேறிய நிகழ்வாகும். அப்படையெடுப்பு நிகழவில்லை. எனினும் நகரின் நினைவில் அது நீங்காத இடம்பெற்றுள்ளது.

பின்னணி

1914 செப்டம்பர் 22 இல் எம்டன் என்னும் செருமானியக் கப்பல் சென்னையின் எண்ணெய்க் கிடங்குகளைத் தாக்கியிருந்தது. எனவே கடல்வழித் தாக்குதல் நகரத்தாருக்குப் புதிதன்று. 1942 பெப்ரவரி 15 இல் சிங்கப்பூரும், மார்ச்சில் இரங்கூனும் அந்தமான் தீவுகளும் ஜப்பானியர் வசமாயின. ஏப்ரல் 5 இல் கொழும்பும், 6 இல் விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும், 9 இல் திருகோணமலையும் குண்டுவீச்சுக்கு உள்ளாயின.

முன்னேற்பாடுகள்

விளக்குகளை மறைத்தல், பதுங்கு குழி தோண்டுதல், அபாயச் சங்கு ஒலித்தல் முதலிய காப்பு முறைகள் நடைமுறைக்கு வந்தன. ஆளுநர் ஆர்தர் ஹோப் தலைமையிலான அரசு, நகரில் தங்கவேண்டிய தேவையில்லாதோர் வெளியேறுமாறு அறிவுறுத்தியது. உயர் நீதிமன்றம் கோயம்புத்தூருக்கு மாற்றப்பட்டது. குண்டுவீச்சில் கூண்டுகள் உடைந்தால் ஆபத்து நேரும் எனக் கருதி, உயிரியல் பூங்காவின் கொடிய விலங்குகள் சுட்டுக் கொல்லப்பட்டன.

மேற்குப் புறநகர்

மக்கள் வெளியேறிய அதே போர்க்காலத்தில் நகரின் சுற்றுப்புறத்திற்குப் படைகள் வந்தன. சேக்காட்டை அடுத்துள்ள ஆவடி பெரும் படைத்தளமாகியது. சோழவரத்தில் விமான ஓடுதளம் அமைந்தது. செங்குன்றம் ஏரி நீர்விமானங்களின் தளமாயிற்று. ஆவடி இன்றும் படைத்துறை நகராக விளங்குவதன் தொடக்கம் இக்காலமே.

நினைவுகள்

அரசு ஆவணங்கள் ஆணைகளையும் இடமாற்றங்களையும் கூறுகின்றன. பூட்டிய வீடுகள், தொடர்வண்டி நிலைய நெரிசல், உறவினர் ஊரில் கழித்த மாதங்கள் ஆகியவற்றைக் குடும்ப நினைவுகளே கூறுகின்றன. போவதற்கு வேறு ஊரோ, பயணத்திற்குப் பணமோ இல்லாதோர் நகரிலேயே தங்கினர். எழுதப்பட்ட நினைவுக்குறிப்புகளில் இவர்களின் குரல் குறைவு.

1943 அக்டோபரில் ஒற்றை ஜப்பானிய விமானம் துறைமுகப் பகுதியில் குண்டு வீசியது. வெளியேற்றம் நடந்து ஓராண்டுக்கு மேல் கழிந்த பின் நேர்ந்த இந்நிகழ்வை, வெளியேற்றத்திற்குக் காரணமாகக் கொள்ளுதல் தவறாகும். முதியோரின் நினைவுகளைப் பதிவுசெய்யும் மாணவர்கள் இவ்விரண்டையும் பிரித்தறிதல் வேண்டும்.

விளைவு

இந்தியப் பெருங்கடல் தாக்குதலுக்குப் பின் ஜப்பானியக் கப்பற்படை திரும்பிச் சென்றது. 1942 சூனில் மிட்வே சமரில் நான்கு வானூர்தி தாங்கிக் கப்பல்களை இழந்தது. அச்சம் தணியவே வெளியேறியோர் படிப்படியாக நகருக்குத் திரும்பினர்.