'ஏதாவது வேணும்னா சொல்லுங்க!'

எங்கள் ஃப்ளாட்ஸில் மொத்தம் பதினெட்டு வீடு. யாருக்கும் பெயர் கிடையாது. நம்பர்தான்! 'ஏ-2 மாமா வாக்கிங் போறார்', 'சி-1 மாமி மோட்டாரை நிறுத்த மறந்துட்டா' என்றுதான் பேச்சு. அப்பா, அம்மா ஆசையாக வைத்த பெயரெல்லாம் கரண்ட் பில்லில் மட்டும்தான். இந்தக் கட்டுரைக்கு அந்தப் பழக்கம் ரொம்ப சௌகரியம். ஏனென்றால், இது பி-4 பெண்ணைப் பற்றியது. அவள் பெயர் உங்களுக்கு வேண்டாம்.

வயது முப்பத்திரண்டு. இரண்டாம் கிளாஸ் படிக்கும் ஒரு பெண். பதினாலு மாதத்தில் ஒரு பையன். பையன் இன்னும் தாய்ப்பால் குடித்துக் கொண்டிருந்தான். மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டபோது வந்தவர், போனவர் எல்லோரும் சொன்னது ஒன்றே ஒன்றுதான் - "பால் கட்டியிருக்கும்!" வெந்நீர் ஒத்தடம், கோஸ் இலை, மல்லிகைப்பூ வைத்துக் கட்டுவது... எல்லா வைத்தியமும் ஆயிற்று. இரண்டரை மாதம் ஓடிவிட்டது. கட்டி கரையவில்லை. பிறகுதான் ஸ்கேன், ஊசி போட்டு சதை எடுத்துப் பரிசோதனை. மார்பகப் புற்றுநோய்.

பால் கொடுக்கும் தாய்க்கு வருகிற கட்டி பெரும்பாலும் பால் கட்டாகத்தான் இருக்கும். அதனால்தான் ஏமாந்து போகிறோம். இரண்டு வாரத்தில் கரையாத எந்தக் கட்டியையும் டாக்டரிடம் காட்டிவிட வேண்டும். பால் கொடுத்துக் கொண்டிருக்கும்போதே ஸ்கேன் எடுக்கலாம், சதைப் பரிசோதனையும் செய்யலாம். இந்த இரண்டு வரியைப் படித்துவிட்டு யாராவது ஒரு பெண் நாளைக்கே டாக்டரிடம் போனால், மீதிக் கட்டுரையைப் படிக்காமல் பக்கத்தைப் புரட்டினாலும் எனக்கு வருத்தமில்லை.

செய்தி தெரிந்த அன்று சாயங்காலம் பி-4 வாசலில் செருப்புக் கூட்டம். அவள் கணவர் எல்லோருக்கும் நாற்காலி தேடிக்கொண்டிருந்தார். மாமியார் காபி கலந்து கலந்து ஓய்ந்து போனார். வந்தவர்களில் ஒருவர் தன் பெரியப்பா எப்படி இதே வியாதியில் போனார் என்று விலாவாரியாக விவரித்தார். (இதைச் சொல்வதற்கென்றே ஆரஞ்சு வாங்கிக்கொண்டு வருகிறார்களோ?) கிளம்பும்போது எல்லோரும் ஒரே வசனம் - "ஏதாவது வேணும்னா சொல்லுங்க, தயங்காதீங்க!"

நானும்தான் சொன்னேன். பெருந்தன்மையாகச் சொன்ன திருப்தியோடு வீட்டுக்கு வந்தேன். மனைவி விடவில்லை.

"என்ன சொல்லிட்டு வந்தீங்க?"

"ஏதாவது வேணும்னா சொல்லுங்கன்னு..."

"இதே மாதிரி பதினோரு பேர் சொன்னாங்க, நான் எண்ணினேன். அவங்க யாருக்குப் போன் பண்ணுவாங்க? எதைக் கேப்பாங்க? வேலை கொடுக்கிற வேலையையும் அவங்க தலையில கட்டிட்டு வந்திருக்கீங்க! நாளைக்குக் காலைல அந்தப் பொண்ணை ஸ்கூல்ல விடறது யாரு? அதைச் சொல்லுங்க."

பதில் இல்லை. மறுநாள் காலை எட்டேகால் மணிக்கு பி-4 குழந்தையை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு போனேன்.

* * *

முதல் வாரம் பி-4 வீட்டில் சாம்பார் வெள்ளம். ஒரே நாளில் ஏழு வீட்டிலிருந்து ஏழு தூக்கு. ஃப்ரிட்ஜ் கொள்ளவில்லை. மூன்றாவது வாரம்? ஒரு கரண்டி ரசம்கூட இல்லை! யாரையும் குற்றம் சொல்ல முடியாது. அவரவர் வீட்டில் பரீட்சை, கல்யாணம், பல் வலி. ஆனால், வைத்தியம் மூன்று வாரத்தில் முடிகிற சமாசாரம் இல்லையே! இவளுக்கு டாக்டர்கள் போட்ட திட்டம் - 21 நாளைக்கு ஒன்றாக எட்டு கீமோ, பிறகு ஆபரேஷன், பிறகு 15 நாள் ரேடியேஷன். கீமோ மட்டுமே எட்டு இருபத்தொன்று நூற்று அறுபத்தெட்டு நாள். சாம்பார் உற்சாகமோ ஏழே நாள்.

பி.காம். படித்த ஒரே குற்றத்துக்காக எங்கள் அசோசியேஷன் கணக்கு எழுதுவது நான். அந்தப் புத்தியில் ஒரு நீள நோட்டு வாங்கினேன். கோடு போட்டு, தேதி, மணி, என்ன வேலை, எந்த வீடு என்று நாலு கட்டம். 'உதவி' என்று பொதுவாக எழுதக் கூடாது. 'செவ்வாய், காலை 8.15, ஸ்கூலில் விடுவது, டி-3.' 'புதன், மாலை 4 முதல் 6, பையனைப் பார்த்துக்கொள்வது, சி-1.' 'வெள்ளி, ரேஷன், ஏ-2.' வாட்ஸ்அப்பில் போட்டால் போதாதா என்றார் ஒரு இளைஞர். எங்கள் குரூப்பில் அப்போது முள்சீத்தா, கோதுமைப்புல் சாறு, வெந்நீரில் எலுமிச்சை என்று வைத்தியம் பொங்கி வழிந்து கொண்டிருந்தது. கீமோ நடக்கும்போது டாக்டரைக் கேட்காமல் எந்தச் சாறும், எந்தச் சூரணமும் கூடாது. சிலது மருந்தோடு மோதும். அதனால் நோட்டே மேல் என்று முடிவாயிற்று. வாட்ச்மேன் மேஜையில் வைத்தோம்.

ஒரு கண்டிஷன். பி-4 வீட்டார் யாரையும் கேட்க வேண்டாம். ஆனால், வேண்டாததை வெட்டும் பேனா அவர்கள் கையில். முதல் நாளே அந்தப் பெண் 'பார்க்க வருதல்' என்றிருந்த ஏழு வரியையும் அடித்துவிட்டாள்!

இந்த நோட்டினால் எனக்குத்தான் படிப்பு. முதல் கீமோவில் ஏறுகிற ஒரு மருந்து செக்கச்செவேலென்று ரோஸ்மில்க் நிறத்தில் இருக்கும், ஓரிரு நாள் சிறுநீரே சிவப்பாகப் போகும், அது ரத்தமல்ல, பயப்பட வேண்டாம் என்று நர்ஸ் சொன்னார். வாய் புண்ணாகிவிடும். தாளிக்கிற வாசனைகூடக் குமட்டும். ஆகவே காரக்குழம்பு வீரர்கள் ஒதுங்கிக்கொள்ள, ஆறிய இட்லியும் குழைந்த பருப்பு சாதமும் பதவிக்கு வந்தன. இரண்டு, மூன்று வாரத்தில் முடி கொட்ட ஆரம்பித்தது. கொத்துக் கொத்தாகத் தலையணையில் கிடப்பதைக் குழந்தைகள் பார்க்க வேண்டாமென்று அவளே மொட்டை அடித்துக்கொண்டாள். "திருப்பதி போகாமலே புண்ணியம்" என்று சிரித்தாள். நாங்களும் சிரித்தோம். வீட்டுக்கு வந்து என் மனைவி ரொம்ப நேரம் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு பாத்திரம் தேய்த்தாள்.

சிரிக்க முடியாத ஒன்று, பையன் விஷயம். கீமோ மருந்து தாய்ப்பாலிலும் போகும். ஆகவே பால் கொடுக்கக் கூடாது. பதினாலு மாதக் குழந்தைக்கு இது எப்படிப் புரியும்? நாலு ராத்திரி அலறினான். அம்மா உள்ளே, தலையணையைக் காதில் அழுத்திக்கொண்டு. அந்த நாலு ராத்திரியும் நோட்டில் ஒரே கையெழுத்து - சி-1 மாமி. வயது அறுபத்தெட்டு. மோட்டாரை நிறுத்த மறக்கிற அதே மாமி. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு மொட்டை மாடியில் நடந்தே தூங்க வைத்தார்.

பெரியவள் வேறு மாதிரி. அழவில்லை, பேசவும் இல்லை. ஒரு நாள் ஸ்கூட்டரில் பின்னால் இருந்து கேட்டாள்: "அங்கிள், நான் தம்பியைக் கிள்ளினேன்ல... அதனாலதான் அம்மாவுக்கு உடம்பு வந்துச்சா?"

வண்டியை ஓரம் கட்டினேன். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அன்றே அவள் அப்பா ஆஸ்பத்திரியில் இருக்கும் கவுன்சிலரிடம் கேட்டு வந்தார். குழந்தைகளிடம் மறைத்தால் அவர்களாக ஒரு காரணம் கண்டுபிடிப்பார்கள், அது பெரும்பாலும் 'நான்தான்' என்று இருக்கும். ஆகவே வியாதியின் பெயரைச் சொல்லிவிட வேண்டும். உன்னால் வரவில்லை, தொட்டால் ஒட்டாது, உன்னைப் பார்த்துக்கொள்ள இன்னார் இன்னார் இருக்கிறோம் என்று சொல்ல வேண்டும். அதன்படியே சொன்னார்கள். அன்று ராத்திரி அவள் அம்மாவின் மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டே தூங்கினாளாம்.

* * *

நோட்டின் முதல் பக்கத்தில் டாக்டர் சொன்னதைக் கேட்டு எழுதி வைத்திருந்தோம்:

* ஜுரம் 100.4 டிகிரி வந்தால் மணி பார்க்காதே. உடனே ஆஸ்பத்திரி.
* அளந்து பார்க்காமல், டாக்டரைக் கேட்காமல் ஜுர மாத்திரை கொடுக்காதே. ஜுரத்தை மூடி மறைத்துவிடும்.
* சளி, இருமல், அம்மை உள்ள வீட்டார் வர வேண்டாம். கோபித்துக்கொள்ள மாட்டோம்.
* எல்லாம் நன்றாக வெந்தது, சுடச்சுடச் செய்தது. ஆறியபின் சாப்பிடலாம், பழையது கூடாது. கடையில் நறுக்கி வைத்த பழம் கூடாது.
* சொந்தக்கதை, செத்தகதை கூடாது. (இது டாக்டர் சொன்னதல்ல. என் மனைவி!)

இரண்டாவது கீமோ முடிந்து பத்தாம் நாள். ராத்திரி பதினொன்றரை. அவளுக்குக் குளிர் நடுக்கம். தெர்மாமீட்டரில் 101. கணவர் பகலெல்லாம் ஆபீஸ், ராத்திரியெல்லாம் கண் விழிப்பு என்று துவண்டு போயிருந்தார். "ஒரு மாத்திரை போட்டுப் படுக்கட்டும், காலைல பாத்துக்கலாம்" என்றார். பையனுக்காக அங்கே படுத்திருந்த சி-1 மாமி எழுந்து, "முதல் பக்கத்துல என்ன எழுதியிருக்கு, தம்பி?" என்று மட்டும் கேட்டார். பதினைந்தாவது நிமிஷம் டி-3 பையனின் கார் கேட்டைத் தாண்டியது.

ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் பாதாளத்தில் இருந்தன. கீமோ முடிந்து ஏழிலிருந்து பதினாலு நாளுக்குள்தான் அவை மிகவும் குறையும். அப்போது தொற்று வந்தால் உடம்பில் சண்டை போட ஆளில்லை. சில மணி நேரத்தில் உயிருக்கே வந்துவிடும். உடனே நரம்பில் ஆன்டிபயாடிக் ஏற்றினார்கள். நாலு நாள் அட்மிஷன். "காலைல வந்திருந்தா..." என்று ஆரம்பித்த டாக்டர் வாக்கியத்தை முடிக்கவில்லை. முடிக்காததே புரிந்தது.

அந்த நாலு நாளில்தான் இன்னொன்றும் தெரிந்தது. எல்லோரும் 'அவ எப்படி இருக்கா?' என்று கேட்டோமே தவிர, 'நீங்க சாப்பிட்டீங்களா?' என்று அந்த மனுஷனை ஒருவர்கூடக் கேட்டதில்லை. லீவெல்லாம் தீர்ந்து, சம்பளம் பிடித்தம் ஆரம்பித்திருந்தது. நோட்டில் புதிதாக ஒரு கட்டம் போட்டோம் - 'அவருக்கு.' ஞாயிறு மத்தியானம் மூன்று மணி நேரத் தூக்கம். ஒரு சலூன். ஒரு டீ. என் பங்குக்கு நான் பில்களைத் தேதி வாரியாக அடுக்கி ஃபைல் போட்டேன். மருந்துச் சீட்டு, டிஸ்சார்ஜ் சம்மரி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஜெராக்ஸ். காப்பீட்டுக்காரர்கள் முதலில் கேட்பது அதைத்தான். கீமோ ஹாலில் வெளியூர்க்காரர்கள் நிறைய. சிகிச்சைக்கு வரும் புற்றுநோயாளிக்கு ரயிலில் ஸ்லீப்பரிலும் மூன்றாம் ஏசியிலும் கட்டணமே இல்லை, கூட வரும் ஒருவருக்கு 75 சதவிகிதம் தள்ளுபடி என்பது அவர்களில் பலருக்குத் தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் அதற்கான படிவம் கொடுப்பார்கள்.

நம் ஊரில் இந்த வியாதிக்காக ஓர் ஆஸ்பத்திரி வேண்டும் என்று டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி புறப்பட்டதற்கே காரணம், அவர் தங்கை புற்றுநோயால் இறந்ததுதான். 1952-ல் நேரு அடிக்கல் நாட்டினார். 1954-ல் பன்னிரண்டு படுக்கைகளோடு அடையாறில் ஆரம்பமானது. எல்லோராலும் ஆஸ்பத்திரி கட்ட முடியாது. ஸ்கூட்டரில் ஒரு குழந்தையை ஏற்றிப் போக முடியும்.

* * *

எட்டு கீமோ முடிந்தது. ஆபரேஷன் முடிந்தது. ரேடியேஷனும் முடிந்தது. (வெளியிலிருந்து கொடுக்கும் ரேடியேஷனால் உடம்பில் கதிர் எதுவும் தங்காது. சாயங்காலம் வந்து தாராளமாகக் குழந்தையைத் தூக்கிக்கொள்ளலாம்.) இப்போது மூன்று மாதத்துக்கு ஒரு தடவை செக்கப். போகும் நாளுக்கு முந்தின ராத்திரி பி-4 வீட்டில் விளக்கு அணைவதில்லை. பூரண குணம் என்று சொல்ல டாக்டர்களே அவசரப்படவில்லை, நான் யார்? முடி மட்டும் சுருள் சுருளாக வளர்ந்திருக்கிறது. முன்பைவிட நன்றாகவே இருக்கிறது.

போன மாதம் அவள் நோட்டைக் கேட்டு வாங்கிப் போனாள். முதலிலிருந்து கடைசி வரை படித்திருக்கிறாள். திருப்பிக் கொடுக்கும்போது, "இத்தனை கடனை எப்படி அடைக்கிறது, சார்?" என்றாள். நான் படித்த கணக்கில் இதற்கு என்ட்ரி கிடையாது. சும்மா சிரித்து வைத்தேன்.

நேற்று ஏ-2 மாமாவுக்குக் கண்புரை ஆபரேஷன். மாமி தனி ஆள். நான் தூக்கக் கலக்கத்தோடு காலையில் வாட்ச்மேன் மேஜைக்குப் போய் நோட்டைப் பிரித்தேன். எனக்கு முன்னாலேயே யாரோ கோடு போட்டு, குண்டு குண்டாக எழுதியிருந்தார்கள்:

'வியாழன், காலை 7.30, ஏ-2 மாமிக்கு இட்லி, பி-4.'