கல்லடைப்பு – 6: பால்வெட்டும் தொழிலாளியின் தண்ணீர்க் கணக்கு

சிறுநீரில் கரைந்திருக்கும் கால்சியம், ஆக்சலேட், யூரிக் அமிலம் ஆகியவற்றைக் கரைந்த நிலையிலேயே வைத்திருக்கப் போதிய நீர் இல்லாதபோது அவை படிகமாகப் பிரிந்து சிறுநீரகக் கல்லாக வளர்கின்றன என்பதும், நீர் போதாத அந்த நிலைக்கு மிகைச்செறிவு என்று பெயர் என்பதும் சென்ற இதழில் விளக்கப்பட்டன. அந்த விதி ஓர் ஊரின் அன்றாட உழைப்புக்குள் எவ்வாறு இயங்குகிறது என்பதை ஆராயக் கன்னியாகுமரி மாவட்டத்துப் பேச்சிப்பாறை பொருத்தமான இடமாகும். கோதையாற்றின் குறுக்கே திருவிதாங்கூர் அரசு கட்டி 1906ஆம் ஆண்டில் முடித்த அணை நாஞ்சில் நாட்டு வயல்களுக்கு இன்றும் நீர் தருகிறது. அணையைச் சூழ்ந்த மலைச்சரிவுகளிலோ தனியார் ரப்பர்த் தோட்டங்களும், 1984இல் தொடங்கப்பட்ட அரசு ரப்பர் கழகத்தின் தோட்டங்களும் பரந்து கிடக்கின்றன. இத்தனை நீர்வளத்துக்கு நடுவிலும் உடலில் நீர் வற்றிப்போகும் தொழில் ஒன்று உண்டென்றால் அது பால்வெட்டு ஆகும்.

ரப்பர் மரப்பட்டையிலுள்ள பால்குழாய்களில் நீரழுத்தம் இரவு முழுவதும் ஏறி விடியலில் உச்சத்தை அடைகிறது. வெயில் ஏறியபின் இலைகள் நீரை ஆவியாக்கத் தொடங்கியதும் அது தாழ்ந்துவிடுகிறது. ஆகவே தொழிலாளி இருட்டிலேயே தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குள் நுழைந்து, சுமார் 300 மரங்களில் பட்டையைச் சீவிவிட்டு, பால் ஒழுகி நின்றபின் அதே சரிவில் மறுபடி ஏறியிறங்கிச் சிரட்டைகளிலிருந்து வாளிக்கு மாற்றிச் சுமந்து வந்து கொடுத்து முடிக்கையில் உச்சிவேளை நெருங்கிவிடுகிறது. மரத்தில் நீர் நிறைந்திருக்கும் அந்த நேரத்தில்தான் அதை வெட்டுகிறவரின் சிறுநீர் மிகவும் செறிந்திருக்கிறது. இரவெல்லாம் நீர் அருந்தாமல் எழுந்தவர் ஒரு கட்டன்சாயாவோடு கிளம்பி, ஒரு கையில் கத்தியும் மறு கையில் வாளியுமாக நடக்கும்போது தண்ணீர்ப் பாட்டில் பெரும்பாலும் வீட்டிலேயே தங்கிவிடுகிறது. மரநிழலில் வெயில் சுடாததால் வியர்வை வழிவதைப் பொருட்படுத்தாமல் விடுவதும், கழிப்பிடம் இல்லாத தோட்டத்தில் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்வதும் இதனுடன் சேர்கின்றன. பின்னது தோட்ட நிர்வாகம் தீர்க்க வேண்டிய குறையே தவிர, மருத்துவர் அறிவுரை சொல்லித் தீர்க்கக்கூடியது அன்று.

தொழிலுக்கும் கல்லுக்கும் உள்ள இத்தொடர்பு வெறும் ஊகம் அன்று. இத்தாலியின் பார்மா நகரைச் சேர்ந்த போர்கி என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் கண்ணாடித் தொழிற்சாலை ஒன்றில் நடத்தி 1993இல் வெளியிட்ட ஆய்வில், வெப்பமான பகுதியில் பணியாற்றியோரில் 8.5 விழுக்காட்டினருக்கும், சாதாரண வெப்பநிலையில் பணியாற்றியோரில் 2.4 விழுக்காட்டினருக்கும் கல் காணப்பட்டது. அதே குழுவினர் முதன்முறை கல் கண்ட 199 பேரை 5 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 1996இல் வெளியிட்ட ஆய்வில், நிறைய நீர் அருந்தியவர்களில் 12 விழுக்காட்டினருக்கும் மற்றவர்களில் 27 விழுக்காட்டினருக்கும் கல் மீண்டும் வந்தது. விலையற்ற தண்ணீர் இந்த அளவுக்குப் பயன் தந்திருப்பதால், கல்தடுப்பில் அதற்கே முதலிடம் தர வேண்டும்.

எவ்வளவு குடிப்பது என்ற கேள்விக்கு, குடிக்கும் அளவைவிட வெளியேறும் அளவே சரியான விடையாகும். ஒருமுறை கல் வந்தவருக்கு நாளொன்றுக்கு 2.5 லிட்டர் சிறுநீராவது கழிய வேண்டும் என்பது மருத்துவ வழிகாட்டுதல். மலைச்சரிவில் வியர்த்து உழைப்பவர் அதற்கு 3 லிட்டருக்கு மேலும் அருந்த நேரிடும். வேலைக்குக் கிளம்புமுன் இரண்டு குவளை, வெட்டி முடித்துப் பால் ஒழுகக் காத்திருக்கும் இடைவேளையில் அரை லிட்டர், படுக்குமுன் ஒரு குவளை, மீதியைப் பகலெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக என்று பிரித்துக்கொண்டால் அது பெருஞ்சுமையாகத் தோன்றாது. சிறுநீர் வெளிர்மஞ்சளாக இருக்கும்வரை கவலையில்லை. இதயச் செயலிழப்போ நாட்பட்ட சிறுநீரக நோயோ உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் நீரின் அளவைக் கூட்டக் கூடாது. வளைகுடா நாடுகளில் கட்டுமானப் பணிக்குச் செல்லும் இம்மாவட்டத்து இளைஞர்களுக்கும் இக்கணக்கு இன்னும் கடுமையாகவே பொருந்தும்.

உணவைப் பொறுத்தவரை மக்களிடையே வழங்கும் பத்தியத்தில் பாதி தேவையற்றது. கற்களில் பெரும்பாலானவை கால்சியம் ஆக்சலேட்டால் ஆனவை என்பதைக் கேள்விப்பட்டதும் பாலையும் மோரையும் நிறுத்துகிறவர்கள் தங்களுக்கே தீங்கு செய்துகொள்கிறார்கள். உணவோடு சேரும் கால்சியம் குடலிலேயே ஆக்சலேட்டைப் பிணைத்து மலத்தோடு வெளியேற்றுகிறது; கால்சியம் குறைந்தால் அந்த ஆக்சலேட் தடையின்றி இரத்தத்தில் கலந்து சிறுநீருக்கு வந்துவிடுகிறது. போர்கி குழுவினர் திரும்பத் திரும்பக் கல் வந்த 120 ஆண்களை இரு பிரிவாக்கி 5 ஆண்டுகள் கண்காணித்து 2002இல் வெளியிட்ட முடிவில், கால்சியத்தைக் குறைத்த 60 பேரில் 23 பேருக்கும், கால்சியத்தை வழக்கம்போல் உண்டு உப்பையும் இறைச்சியையும் குறைத்த 60 பேரில் 12 பேருக்கும் கல் திரும்பியது. உப்பிலுள்ள சோடியம் சிறுநீரில் கால்சியம் கசிவதைக் கூட்டுகிறது என்பதும் இதன் காரணங்களுள் ஒன்று. மரச்சீனிக்கிழங்கும் மீன்கறியும் இப்பகுதியின் உணவாக இருப்பதில் குற்றமில்லை. அதோடு கருவாடும் ஊறுகாயும் நாள்தோறும் சேர்வதுதான் சிக்கல். சாளையும் நெத்திலியும் உடலில் யூரிக் அமிலமாக மாறும் பியூரின் மிகுந்தவை என்பதால், யூரிக் அமிலக் கல் உள்ளவர் அவற்றை அளவோடு உண்ண வேண்டும். தக்காளி விதை கல்லாகும் என்பது வீண் அச்சமே. தக்காளியில் ஆக்சலேட் குறைவு. ஆக்சலேட் மிகுந்த சேம்பு, தண்டுக்கீரை, அண்டிப்பருப்பு ஆகியவற்றைத்தான் கவனிக்க வேண்டும். மரச்சீனியின் நஞ்சு போக வேகவைத்த நீரை வடித்துக் கொட்டும் பழக்கம் இங்கே எல்லா அடுப்படிகளிலும் உண்டு. சேம்புக்கும் கீரைக்கும் அதையே செய்தால் கரையும் ஆக்சலேட் கணிசமாகக் குறையும்.

இன்னோர் எச்சரிக்கை தெற்குக் கேரளத்தோடு ஒட்டிய இப்பகுதிக்கு மிகவும் தேவை. மீன்கறிக்குப் புளிப்புக்காகச் சேர்க்கப்படும் இலும்பன்புளி எனப்படும் பிலிம்பிக்காயின் சாற்றைக் கொழுப்பைக் குறைக்கும் என்று நம்பி அடர்த்தியாகக் குடித்த 10 பேருக்குச் சிறுநீரகம் திடீரெனச் செயலிழந்ததைக் கேரள மருத்துவர்கள் 2013இல் பதிவு செய்தனர். அவர்களில் 7 பேருக்கு இரத்தச் சுத்திகரிப்புத் தேவைப்பட்டது. காயிலுள்ள ஆக்சலேட் படிகங்கள் சிறுநீரக நுண்குழாய்களில் படிந்ததே காரணம். கறியில் இரண்டு காய் போடுவது வேறு, வெறும் வயிற்றில் சாறாகப் பிழிந்து குடிப்பது வேறு.

வாழைத்தண்டுச் சாறு கல்லைக் கரைக்கும் என்பதற்கு மனிதர்களிடம் போதிய சான்று இல்லை. ஆனாலும் அது நீராகச் சேர்வதால் உப்பின்றி அருந்துவதில் தவறில்லை. எலுமிச்சைச் சாற்றிலுள்ள சிட்ரேட் கால்சியத்தோடு இணைந்து படிகம் வளர்வதைத் தடுக்கிறது. சிட்ரேட் குறைவாக உள்ளவர்களுக்கு மருத்துவர் பொட்டாசியம் சிட்ரேட் மருந்து தருவதும் இதனாலேயே. நெடுங்காலமாகக் கல்தடுப்புக்கு எழுதப்பட்டுவந்த ஹைட்ரோகுளோரோதயாசைடு மாத்திரை, 416 நோயாளிகளிடம் சுவிட்சர்லாந்தில் நடந்து 2023இல் வெளியான ஆய்வில், போலிமாத்திரையைவிடக் குறிப்பிடத்தக்க பலன் தரவில்லை. மருந்தை நம்பி உணவையும் நீரையும் விட்டுவிடுவோர் இதைக் கருத வேண்டும். கல்லை அதிர்வலையால் உடைப்பதும் அறுவையால் எடுப்பதும் இருக்கும் கல்லை அகற்றுமே தவிர, அடுத்த கல்லைத் தடுக்காது.

விலாவிலிருந்து கவட்டை நோக்கிப் பாயும் வலியோடு காய்ச்சலோ குளிர்நடுக்கமோ வந்தால், அல்லது சிறுநீர் அறவே நின்றுபோனால், விடியும்வரை பொறுக்காமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அடைபட்ட சிறுநீரகத்தில் தொற்று ஏறுவது உயிருக்கு ஆபத்தானது. தானாக வெளியேறும் கல்லை எறிந்துவிடாமல் காகிதத்தில் மடித்து மருத்துவரிடம் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அதன் வகை தெரிந்தால்தான் எந்த உணவைக் குறைப்பது, எந்த மருந்தைத் தொடங்குவது என்பதை அவர் முடிவு செய்ய முடியும்.

(தொடரும்)