கல்லாப்பெட்டியும் தண்ணீர்ச் செம்பும்

ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, சுங்குவார்சத்திரம், வல்லம், ஒரகடம் வட்டாரத்தில் கடை நடத்தும் நமக்குத் தொழிற்சாலை ஷிப்டுதான் கடிகாரம். காலை ஷிப்டுக்குப் போகிறவர் பிஸ்கட் வாங்க வரும்போது கடை திறந்திருக்க வேண்டும். இரவு ஷிப்டு பஸ் போன பிறகே ஷட்டர் இறங்கும். நாள் முழுவதும் தண்ணீர் கேனும் பாட்டிலும் விற்கிறோம். நாம் எத்தனை டம்ளர் குடித்தோம் என்று கேட்டால் பலரிடம் பதில் இல்லை.

தொழிற்சாலைக்குள் இதற்கு எப்போதோ விதி வந்துவிட்டது. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், குடிநீர் வைக்கும் இடத்தில் தொழிலாளருக்குப் புரியும் மொழியில் ‘குடிநீர்’ என்று எழுதச் சொன்னது. 250 பேருக்கு மேல் வேலை செய்தால் கோடையில் குளிர்ந்த நீர் தரச் சொன்னது. கழிப்பிடமும் கட்டாயம். சிறு கடையில் நமக்கு நாமேதான் ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்.

நாம் தண்ணீர் குடிக்காததற்குக் காரணம் மறதி மட்டுமல்ல. குடித்தால் எழுந்து போக வேண்டும். கல்லாவை யாரிடம் விடுவது? பல கடைகளில் கழிப்பறையே இல்லை. ஆண்கள் எப்படியோ சமாளித்து விடுகிறார்கள். கடையில் இருக்கும் நம் வீட்டுப் பெண்களும், வேலைக்கு வரும் பெண்களும் காலை முதல் தண்ணீரைத் தொடாமலே இருந்து விடுகிறார்கள். கேரளத்தில் கோழிக்கோட்டு ஜவுளிக்கடைப் பெண்கள் உட்கார இடமும் கழிப்பறையும் கேட்டுப் போராடியதை நாம் அறிவோம். 2018-இல் அங்கே சட்டம் திருத்தப்பட்டது. 2021-இல் தமிழ்நாட்டிலும் கடை ஊழியருக்கு இருக்கை கட்டாயமாயிற்று.

தண்ணீர் குறைந்தால் என்ன நடக்கும்? பாகில் நீர் வற்ற வற்ற கற்கண்டு கட்டுவது நமக்குத் தெரியும். சிறுநீர் அடர்ந்தால் அதிலுள்ள உப்புகளும் அப்படித்தான் கல்லாகின்றன. நீர் குறைவாகக் குடித்து, சிறுநீரையும் அடக்கினால் நீர்த்தாரைத் தொற்று வரலாம். தகரக் கூரைக்கடியில் தலைவலி, மயக்கம், கணக்கில் தடுமாற்றம் எல்லாம் வரும். சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் நல்லது. நல்லெண்ணெய் போல அடர்ந்திருந்தால் தண்ணீர் போதவில்லை என்று பொருள்.

சாதாரண நாளில் பெரியவர்களுக்குச் சுமார் இரண்டு முதல் இரண்டரை லிட்டர் தேவை. வெயில் காலத்தில் இன்னும் கூடும். மூட்டை இறக்குபவர்கள் கால் மணிக்கோ இருபது நிமிடத்துக்கோ ஒருமுறை ஒரு டம்ளர் குடிப்பது நல்லது. உப்புப் போட்ட மோரும் உதவும். ஒரே மூச்சில் லிட்டர் கணக்கில் குடிக்கக் கூடாது. டீயிலும் நீர் உண்டு. ஆனால் ஆறு டீ குடித்தால் ஆறு டீயின் சர்க்கரையும் உள்ளே போகும். இதய நோயோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர்கள் டாக்டர் சொன்ன அளவைத் தாண்டக் கூடாது. எவ்வளவு குடித்தும் தாகம் தீரவில்லை என்றால் சர்க்கரையைப் பரிசோதிக்க வேண்டும்.

பழக்கம் எப்படிப் படியும்? லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் 96 பேரை வைத்து நடத்திய ஆய்வு ஒன்று 2009-இல் வெளிவந்தது. மதிய உணவோடு தண்ணீர் குடிப்பது போன்ற சிறு காரியங்களைத் தினமும் செய்யச் சொன்னார்கள். அது தானாக வரச் சராசரியாக 66 நாள் ஆயிற்று. சிலருக்கு 18 நாளே போதும் என்றும், சிலருக்கு 254 நாள் ஆகும் என்றும் கணித்தார்கள். ஒரு நாள் தவறியதால் பெரிய நஷ்டமில்லை. முக்கியமானது, தினமும் நடக்கும் ஒரு வேலையோடு அதை முடிச்சுப் போடுவதுதான்.

நமக்கு அத்தகைய வேலைகள் நிறைய உண்டு. ஷட்டர் தூக்கி விளக்கேற்றியதும் ஒரு டம்ளர். பால் வண்டி போனதும் ஒன்று. சரக்கு இறக்கிப் பில் சரிபார்த்ததும் ஒன்று. சாப்பாட்டோடு ஒன்று. மாலைக் கூட்டம் தொடங்குமுன் ஒன்று. காலையில் இரண்டு லிட்டர் பாட்டில்களைக் கல்லா அருகே, வெயில் படாமல் வைப்போம். அதுவே அன்றைய தொடக்க இருப்பு. இரவு கணக்கு முடிக்கும்போது பாட்டிலில் மிச்சம் இருந்தால் அன்றைக்கு நஷ்டக் கணக்கு.

ஆனால் போக இடமில்லாதவரைக் குடிக்கச் சொல்வதில் நியாயமில்லை. நாலைந்து கடைகள் சேர்ந்தால் ஒரு கழிப்பறைக்கு வாடகை கொடுக்கலாம். பூட்டுக்குக் கடைக்கு ஒரு சாவி வைத்துக்கொள்ளலாம். பக்கத்துக் கடைக்காரர் பத்து நிமிடம் நம் கல்லாவைப் பார்க்கட்டும். அவர் போகும்போது நாம் பார்ப்போம். இதற்குச் செலவே இல்லை.

மே 5 நமக்கு வணிகர் தினம். அக்னி நட்சத்திரம் தொடங்கும் சமயமும் அதுவே. மார்ச் 1 அன்று தொடங்கினால் மே 5 அறுபத்தாறாவது நாள். அதற்கு முன்பே தெருவுக்கு ஒரு கழிப்பறைச் சாவிக்கு வழி செய்துகொள்வோம்.